மலைச்சரிவில் ஒரு கட்டடம்: கட்டடக் கலைஞரோடு முதல் உரையாடலை நடத்துவது எப்படி

இலங்கையின் மலையகத்தில் தொழில் தொடங்கும் இளம் கட்டமைப்புப் பொறியியலாளருக்கு வரும் முதல் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே விதமானவை. "பிளான் பிரதேச சபையில் பாஸாகிவிட்டது, தூணும் பீமும் எத்தனை அங்குலம் என்று சொன்னால் அடுத்த கிழமை அத்திவாரம் வெட்டலாம்" என்பார்கள். அறைகள் எங்கே, மாடிப்படி எங்கே, மண்ணை எவ்வளவு வெட்டுவது, மழைநீர் எந்தப் பக்கம் போவது என்பதெல்லாம் அதற்குள் முடிவாகியிருக்கும். நமக்கு எஞ்சுவது கம்பி எண்ணும் வேலை மட்டுமே. அதை எந்த அர்த்தத்தில் எண்ணப் போகிறோம் என்பது அடுத்த மழைக்காலத்தில்தான் தெரியும்.

ஆகவே கட்டடக் கலைஞரோடு பேசும் கலையின் முதற்பாடம், பேச வேண்டிய நேரத்தில் அழைக்கப்படுவதாகும். உங்களுக்கு வேலை தரும் கட்டடக் கலைஞரிடம், அடுத்த வேலையின்போது பிளான் முடிவதற்கு முன், பென்சில் கோடுகள் மட்டும் இருக்கும் நாளில் ஒரு மணிநேரம் ஒதுக்கித் தரும்படி கேளுங்கள். அந்த ஒரு மணிநேரத்துக்குக் கட்டணம் வேண்டாம் என்று சொன்னாலும் உங்களுக்கு நட்டமில்லை. கருத்துருவ வடிவமைப்பு என்று நாம் பாடப்புத்தகத்தில் படித்தது உண்மையில் அந்தக் கட்டத்தைத்தான்: ஒரு கோட்டை அழிப்பதற்கு அழிறப்பரைத் தவிர வேறு செலவில்லாத நாட்கள் அவை. அதே கோட்டை அத்திவாரம் வெட்டிய பின் அழிப்பதானால் எவ்வளவு ஆகும் என்று உங்கள் ஒப்பந்தக்காரரைக் கேட்டுப் பாருங்கள்.

இந்த உறவு எவ்வளவு நெருக்கமாக இருக்கலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1967 இல் தம் தொழிற்பங்காளியாகச் சேர்த்துக்கொண்ட கலாநிதி கே. பூலோகசுந்தரம் ஒரு பொறியியலாளர். இருவரும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஒரே அலுவலகத்தில் பணியாற்றினார்கள். 1982 இல் திறக்கப்பட்ட கோட்டே பாராளுமன்றக் கட்டடம் அந்த அலுவலகத்திலிருந்து வந்ததே. கோடு விழும் மேசையருகிலேயே பொறியியலாளரும் இருந்தார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கீழே உள்ளவற்றைப் படியுங்கள்.

நிலத்தை நடந்து பார்த்த பிறகே பேசுங்கள்

கட்டடக் கலைஞரைச் சந்திப்பதற்கு முன் நிலத்தை ஒருமுறை தனியாக நடந்து பாருங்கள். முடியுமானால் மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போங்கள். மரங்களின் அடிப்பகுதி வளைந்து நுனி மட்டும் நிமிர்ந்து நிற்கிறதா, மேட்டின் உச்சியில் பிறை வடிவில் வெடிப்பு ஓடுகிறதா, வெட்டிய மண்முகத்தில் எந்த மட்டத்தில் ஈரம் கசிகிறது, பக்கத்து வீட்டில் மண்ணைத் தடுத்து நிறுத்தும் தாங்கு சுவர் வயிறு தள்ளி நிற்கிறதா என்று கவனியுங்கள். நம் மலைகளில் அடிப்பாறைக்கு மேல் இருப்பது இருவகை மண். ஒன்று அதே இடத்தில் பாறை உக்கி உண்டானது. மற்றது மேலேயிருந்து எப்போதோ சரிந்து வந்து படிந்தது. இரண்டாவது வகையில் கல்லும் மண்ணும் ஒழுங்கின்றிக் கலந்திருக்கும். உருண்டைப் பாறை ஒன்றைக் கண்டதும் "அடியில் பாறை இருக்கிறது, பயமில்லை" என்று மேசன் சொல்வார். அந்தப் பாறையே மேலேயிருந்து உருண்டு வந்ததாக இருக்கலாம். சரிந்து வந்த மண் மறுபடியும் சரியக்கூடியது.

தோட்டத்துப் பெரியவர்களிடம் கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். தேயிலை மலையில் சமவுயரக் கோட்டை ஒட்டிக் கான் வெட்டித் தண்ணீரைத் திருப்பும் அறிவு இங்கே தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்த நிலத்துக்குக் குறுக்கே பழைய கான் ஒன்று ஓடியதையும், காணி துண்டாடப்பட்டபோது அதை மண் போட்டு மூடிவிட்டார்கள் என்பதையும் நான் கேட்கவில்லை. முதல் ஒக்டோபர் மழையிலேயே தண்ணீர் தன் பழைய வழியைத் தேடிச் சமையலறைத் தரையைத் தூக்கிவிட்டது. எதிர்வீட்டுப் பாட்டி ஒருவர், "அது கான் போன எடமாச்சே தம்பி, எங்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றார். அன்றுமுதல் நிலம் பார்க்கப் போனால் முதலில் அயல்வீட்டுத் திண்ணையில்தான் உட்காருகிறேன்.

மூன்று தாள்கள் கையில் இல்லாமல் சந்திப்புக்குப் போகாதீர்கள். முதலாவது, சமவுயரக் கோடுகளோடு கூடிய நில அளவைப் படம். காணி உறுதியோடு இணைந்திருக்கும் படத்தில் எல்லைகளும் பேர்ச் கணக்கும் மட்டுமே இருக்கும். அரை மீட்டருக்கு ஒரு கோடு வரும்படி நில அளவையாளரிடம் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். இரண்டாவது, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வலய வரைபடத்தில் அந்த இடம் விழும் பகுதி. மூன்றாவது, அதே நிறுவனம் அந்தக் காணிக்கென்று தரும் மண்சரிவு அபாய மதிப்பீட்டு அறிக்கை. அபாயப் பிரதேசங்களில் கட்டட அனுமதிக்கு இது எப்படியும் தேவைப்படும் என்பதால், பிளான் முடிந்த பிறகு விண்ணப்பிப்பதைவிடப் பிளானுக்கு முன்பே விண்ணப்பிக்கும்படி கட்டடக் கலைஞரையும் உரிமையாளரையும் சம்மதிக்க வைப்பதே உங்கள் முதல் வெற்றி. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகள் மண்ணுக்குள் போனதையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் மலையகம் எங்கும் சரிவுகள் விழுந்ததையும் அறிந்த எந்தக் கட்டடக் கலைஞரும் இதை மறுக்கமாட்டார். மறுத்தால் அந்த வேலையை நீங்கள் மறுக்கலாம்.

குறுக்குவெட்டிலிருந்து தொடங்குங்கள்

கட்டடக் கலைஞர் மேசையில் விரிப்பது பெரும்பாலும் தளப்படமாக இருக்கும். அதில் அறைகள் அழகாக அடுக்கப்பட்டிருக்கும். மலை மட்டும் இருக்காது. அதைப் பார்த்துக் கருத்துச் சொல்லத் தொடங்காமல், ட்ரேசிங் தாள் ஒன்றை எடுத்து, அளவு மட்டத்தை வைத்து, நிலத்தை வெட்டிப் பக்கத்திலிருந்து பார்த்தாற்போல் அதன் சாய்வை ஒரே கோடாக வரையுங்கள். பிறகு கட்டடத்தின் ஆழத்தை அதன்மேல் குறியுங்கள். மூன்றுக்கு ஒன்று என்ற சாய்வில் 9 மீட்டர் ஆழமுள்ள வீடு முன்புறத்திலிருந்து பின்புறத்துக்குப் போவதற்குள் நிலம் 3 மீட்டர் ஏறிவிடும். அது ஒரு முழு மாடியின் உயரம். அதே வீட்டை மலையின் போக்குக்கு இணையாகத் திருப்பி, ஆழத்தை 6 மீட்டராகக் குறைத்து நீளத்தைக் கூட்டினால் ஏற்றம் 2 மீட்டர்தான். இந்தக் கணக்குக்குக் கல்குலேட்டர்கூடத் தேவையில்லை. ஆனால் பிற்பாடு நீங்கள் போடப்போகும் நூறு கணக்குகளைவிட இது அதிகமாக மிச்சப்படுத்தும். தோட்டப்புறங்களில் குடும்பத்துக்கு 7 பேர்ச் என்று பிரித்துக் கொடுக்கப்பட்ட காணிகளில் இப்படித் திருப்புவதற்கு இடம் குறைவு என்பது உண்மை. அங்கே பேச்சு நேராக அடுத்த கேள்விக்குப் போய்விடும்.

அடுத்த கேள்வி இது: அந்த 3 மீட்டரை என்ன செய்வது? வெட்டலாம், நிரப்பலாம், படிப்படியாக இறங்கலாம், அல்லது நிலத்தைத் தொடாமல் தூண்களில் நிற்கலாம். ஒவ்வொன்றையும் அதே தாளில் ஒரு நிமிடத்தில் வரைந்து காட்டுங்கள். கட்டடக் கலைஞர் கண்ணால் சிந்திப்பவர். நீங்கள் வாயால் சொல்லும் பத்து வசனங்களைவிடக் கோணல்மாணலான ஒரு படம் அவரிடம் வேகமாகப் போய்ச் சேரும்.

வெட்டுவதைத்தான் பெரும்பாலும் உரிமையாளர்கள் விரும்புகிறார்கள். தட்டையான நிலம் கிடைத்தால்தான் காணி கிடைத்ததாக நமக்கு ஒரு நிறைவு. எனவே அதன் விலையை எண்களில் சொல்லப் பழகுங்கள். சாதாரண மண்ணுக்கு ஒரு கன மீட்டருக்கு 18 கிலோநியூட்டன் எடையும், அந்த எடையின் அமுக்கத்தில் எவ்வளவு பங்கு பக்கவாட்டில் தள்ளும் என்பதைக் காட்டும் பக்க அமுக்கக் குணகம் மூன்றில் ஒன்றும் என்று எடுத்துக்கொண்டால், 3 மீட்டர் தாங்கு சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் மண் 27 கிலோநியூட்டன் விசையோடு தள்ளும். அதாவது ஏறத்தாழ 2¾ தொன். சுவரை 6 மீட்டராக உயர்த்தினால் தள்ளும் விசை இருமடங்காகும் என்று பலர் நினைப்பார்கள். அது நான்கு மடங்காகி 108 கிலோநியூட்டனைத் தொடும். சுவரைக் கவிழ்க்கும் திருப்பமோ எட்டு மடங்காகும். மறுபக்கமாக, 3 மீட்டர் சுவர் ஒன்றுக்குப் பதிலாக 1.5 மீட்டர் சுவர்கள் இரண்டைப் போதிய இடைவெளி விட்டு அமைத்தால், இரண்டும் சேர்ந்து தாங்க வேண்டிய விசை பாதியாகிவிடும். படிப்படியாக இறங்கும் வீட்டுக்குப் பொறியியல் தரும் சலுகை இது. இதைக் கட்டடக் கலைஞரிடம் சொன்னதும், அரைமாடி அரைமாடியாக இறங்கும் கூடமும் சாப்பாட்டறையும் அவர் மனதில் உருவாகத் தொடங்கிவிடும். கண்டியில் பிறந்த கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா 1950 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் அதே ஊரின் சரிவொன்றில் கட்டிய கருணாரத்ன இல்லத்தின் தளங்கள் மலையோடு சேர்ந்தே ஏறி இறங்குவதை உங்கள் கட்டடக் கலைஞர் மாணவராக இருந்தபோதே படித்திருப்பார்.

தண்ணீரைப் பற்றிப் பேசாமல் தாங்கு சுவரைப் பற்றிப் பேசி முடித்துவிடாதீர்கள். மேலே சொன்ன அதே 3 மீட்டர் சுவரின் பின்னால், வடிகால் அடைபட்டு, தண்ணீர் உச்சிவரை நின்றால், தள்ளும் விசை 27 இலிருந்து 56 கிலோநியூட்டனுக்குப் போகிறது. மண் தள்ளுவதைவிடத் தண்ணீர் தள்ளுவது அதிகம். சுவரில் விடும் துவாரங்களும், பின்னால் போடும் சல்லிக்கல் படையும், உச்சியில் வெட்டும் கானும் முகப்பின் அழகைக் கெடுக்கும் என்று கட்டடக் கலைஞர் முகம் சுளிக்கலாம். துவாரங்களை ஒரு ஒழுங்கான வரிசையாக, சுவரின் வடிவமைப்பிலேயே ஓர் அங்கமாக வரையும்படி அவரிடமே விட்டுவிடுங்கள். நாம் கண்ட இடத்தில் பீவீசீ குழாயைச் செருகி வைப்பதைவிட அவர் அதை நன்றாகச் செய்வார்.

நிரப்புவதைப் பற்றி நீண்ட பேச்சு வேண்டாம். வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் தள்ளி, அதன்மேல் வீட்டின் பாதியை நிறுத்தும் யோசனை வந்தால், பாதி வீடு இறுகிய நிலத்திலும் பாதி வீடு தளர்ந்த மண்ணிலும் நிற்கும் என்பதையும், வெடிப்பு அந்த இரண்டும் சந்திக்கும் கோட்டில் வரும் என்பதையும் படத்தில் குறித்துக் காட்டுங்கள், அது போதும்.

தூண்களில் நிற்கும் கட்டடம் கட்டடக் கலைஞர்களுக்கு மிகவும் பிடித்தது. மலையகத்தின் வடக்கு விளிம்புக்கு அப்பால், தம்புள்ளைக்கு அருகே பாவா வடிவமைத்த கண்டலம ஹோட்டல் பாறையை ஒட்டித் தூண்களில் நிற்பதால், மழைநீரும் நிலமும் அதன் அடியில் தம் போக்கிலேயே இருக்கின்றன. நம் சரிவுகளுக்கும் இது பல நேரங்களில் மிகப் பொருத்தமான வழி. மண்ணை வெட்டுவதில்லை, தண்ணீரை மறிப்பதில்லை. ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. மேட்டுப் பக்கத் தூண் 1.5 மீட்டர் உயரமும் பள்ளத்துப் பக்கத் தூண் 3 மீட்டர் உயரமும் இருந்து, இரண்டும் ஒரே பருமனாக இருந்தால், குட்டைத் தூண் நெட்டைத் தூணைவிட எட்டு மடங்கு விறைப்பானது. காற்றோ மண்ணோ கட்டடத்தைப் பக்கவாட்டில் தள்ளும்போது அந்தத் தள்ளலில் பெரும்பங்கைக் குட்டைத் தூண்களே இழுத்துக்கொள்ளும்; கண்ணுக்கு மெலிந்து தெரியும் நெட்டைத் தூணைப் பார்த்து எல்லோரும் பயப்படும்போது, வெடிப்பது மேட்டுப் பக்கத்துக் குட்டைத் தூணாக இருக்கும். இதைச் சந்திப்பிலேயே சொல்லிவிட்டு, பக்கத் தள்ளலைத் தாங்குவதற்கு எந்த இடத்தில் ஒரு முழுச் சுவரை அல்லது குறுக்குக் கட்டையைத் தரமுடியும் என்று கேளுங்கள். மாடிப்படியைச் சுற்றியோ குளியலறையைச் சுற்றியோ ஒரு கொங்கிறீட் சுவர் கிடைத்துவிட்டால் மற்றத் தூண்கள் அவர் விரும்பும்படி மெலியலாம்.

"முடியாது" என்பதற்குப் பதிலாக விலையைச் சொல்லுங்கள்

நம்மில் பலருக்கு உள்ள பழக்கம், கேட்டவுடன் முடியும் அல்லது முடியாது என்று தீர்ப்புச் சொல்வது. கட்டடக் கலைஞர் கேட்பது தீர்ப்பை அல்ல. ஒவ்வொரு விருப்பத்துக்கும் என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதையே அவர் அறிய விரும்புகிறார். விலை என்றால் பணம் மட்டுமன்று. பீமின் ஆழம், இன்னொரு தூண், தரையின் நடுக்கம், கூடுதல் இரண்டு மாதம் எல்லாம் விலைதான்.

பண்டாரவளைப் பக்கத்தில் ஒரு விடுதிக்கான உரையாடலைச் சொல்கிறேன். பள்ளத்தாக்கைப் பார்த்தபடி 3 மீட்டர் நீண்டிருக்கும் பால்கனி ஒன்றைக் கட்டடக் கலைஞர் வரைந்திருந்தார்.

"மிஸ், இந்த பால்கனியில் உங்களுக்கு மிகவும் முக்கியமானது எது? மூன்று மீட்டர் நீளமா, அடியில் தூண் தெரியாமல் இருப்பதா, விளிம்பு மெல்லியதாகத் தெரிவதா?" என்று கேட்டேன்.

அவர் சற்று யோசித்து, "விளிம்பு மெல்லியதாக இருக்க வேண்டும். உள்ளே கட்டிலில் படுத்திருப்பவருக்கு மலை தெரிய வேண்டும், கொங்கிறீட் தெரியக்கூடாது" என்றார்.

விடை அதிலேயே இருந்தது. நீட்டம் 1.5 மீட்டரிலிருந்து 3 மீட்டராகும்போது வளைக்கும் திருப்பம் நான்கு மடங்காகிறது. அதே பருமனில் விட்டால் நுனி தாழ்வது பதினாறு மடங்காகிறது. நீண்டிருக்கும் பகுதிக்கு அதன் நீளத்தில் ஏழில் ஒரு பங்கு ஆழம் வேண்டும் என்ற தோராய விதிப்படி 3 மீட்டருக்கு ஏறத்தாழ 430 மில்லிமீட்டர் ஆழமான பீம் தேவை, 2.1 மீட்டருக்கு 300 போதும், அதையும் நுனியை நோக்கிச் சரித்து மெலிக்கலாம். மேலும், வெளியே நீளும் பகுதியைச் சமன்செய்ய உள்ளே அதைவிட நீளமான, எடையுள்ள பகுதி வேண்டும். அந்த அறைக்கு மேல் இருந்ததோ தகரக் கூரை மட்டுமே. இவற்றை அவர் முன்னாலேயே வரைந்தபோது, பால்கனியை 2.1 மீட்டராக்கிக் கட்டிலைக் கண்ணாடிக்கு அருகே நகர்த்தியவர் அவர்தான். நான் எதையும் மறுக்கவில்லை. அதே கேள்விக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறொருவரிடம் "முடியாது" என்று ஒரே சொல்லில் பதில் கூறி அந்த வேலையையே இழந்தவன் நான் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

இப்படிப் பேசுவதற்குச் சில தோராய அளவுகள் நாக்கு நுனியில் இருக்க வேண்டும். இரண்டு மூன்று கட்டங்களுக்குத் தொடர்ந்து போகும் கொங்கிறீட் தட்டுக்கு (ஸ்லாப்), அதைத் தாங்கும் இடங்களுக்கு இடையிலான இடைவெளியில் இருபத்தெட்டில் ஒரு பங்கு தடிப்பு, அதாவது 3.5 மீட்டருக்கு 125 மில்லிமீட்டர். பீமுக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது 4.8 மீட்டருக்கு 400 மில்லிமீட்டர். இவை இறுதிக் கணக்குகள் அல்ல என்பதைச் சொல்லியே கொடுங்கள். "350 இலிருந்து 450 க்குள் வரும்" என்று எல்லையாகச் சொல்வது நேர்மையானது, பிறகு அவரைத் திடுக்கிட வைக்காதது. ஒன்பது அங்குலச் சுவருக்குள் தூண் மறைய வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் எழுதப்படாத சட்டம். 225 மில்லிமீட்டர்ச் சதுரத் தூணை வைத்து இரண்டு மாடி வீட்டை 4 மீட்டர் இடைவெளிகளில் பெரும்பாலும் நிறுத்திவிடலாம் என்பதால், இடைவெளி அதற்குமேல் போகும் இடங்களை மட்டும் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு அவற்றைப் பற்றியே பேசுங்கள்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கண்டியிலும் நுவரெலியாவிலும் இந்தச் சந்திப்புகள் மும்மொழிகளிலும் நடக்கும். கட்டடக் கலைஞர் சிங்களத்தில் தொடங்கி ஆங்கிலத்தில் முடிப்பார், உரிமையாளர் தமிழில் குறுக்கிடுவார், ஒப்பந்தக்காரர் மூன்றையும் ஒரே வசனத்தில் பேசுவார். ஸ்லாப், பீம், கொலம் மூன்று மொழிக்கும் பொது. ஆனால் "ஸ்ட்ரோங்காக இருக்க வேண்டும்" என்ற சொல்லை ஒவ்வொருவரும் ஒவ்வொரு பொருளில் சொல்கிறார்கள். உரிமையாளருக்கு அது வெடிப்பு வராமை, கட்டடக் கலைஞருக்கு நடக்கும்போது அதிராமை, ஒப்பந்தக்காரருக்கு நிறையக் கம்பி. எதைக் குறிக்கிறார்கள் என்று கேட்டு உறுதிப்படுத்தாமல் தலையாட்டாதீர்கள்.

கூரை, காற்று, வீதி

1978 ஆம் ஆண்டின் சூறாவளிக்குப் பிறகு நம் நாடு மூன்று காற்று வலயங்களாகப் பிரிக்கப்பட்டபோது, மலையகம் காற்று வேகம் மிகக் குறைந்த வலயத்தில் வந்தது. அதை நம்பிக் கட்டடக் கலைஞர் மலைமுகட்டில் மெல்லிய தகரக் கூரையை அகன்ற இறவாரத்தோடு வரைந்து வருவார். முகட்டைத் தாண்டும் காற்று நெருங்கிக் கூடி வேகமெடுக்கும் என்பதையும், அகன்ற இறவாரத்தை அது கீழிருந்து தூக்கும் என்பதையும், கூரையை விழாமல் தாங்குவதைவிடப் பறக்காமல் பிடித்து வைப்பதே அங்கே கடினம் என்பதையும் கூரையின் வடிவம் முடிவாகும் முன்பே சொல்ல வேண்டும். இறவாரத்தைக் குறைக்கச் சொன்னால் சுவர் நனையும் என்பார். அவர் சொல்வதும் சரியே. இறவாரத்தை வைத்துக்கொண்டு அதன் அடிக்கட்டைகளை அத்திவாரம்வரை பிடித்திழுக்கும் வழியை அவரோடு சேர்ந்து தேடுங்கள்.

பழைய தேயிலைத் தொழிற்சாலைகளை விடுதியாக மாற்றும் வேலைகளும் வருகின்றன. கந்தப்பளையில் அப்படி மாறிய ஒன்று உலகப் பயணிகளிடையே பெயர் பெற்றது. இந்தக் கட்டடங்களின் மேல்மாடிகள் கொழுந்தைப் பரப்பி வாட்டுவதற்காகக் கட்டப்பட்டவை. வாட்டிய இலையின் எடை மிகக் குறைவு. அந்த மாடியை அறைகளாக்கும்போது, விடுதி அறைக்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன் என்றும், கூட்டம் கூடும் மண்டபத்துக்கு 5 என்றும் சுமையை எடுக்க வேண்டியிருக்கும். அதற்கு மேலாக, குளியலறைத் தரைக்குப் போடும் 75 மில்லிமீட்டர் சீமெந்துச் சாந்து மட்டுமே 1.8 கிலோநியூட்டன். ஆகவே குளியலறைகள் பழைய இரும்புத் தூண் வரிசைக்கு அருகே ஒன்றன்மேல் ஒன்றாக வர முடியுமா, மண்டபத்தைத் தரைமட்டத்திலேயே வைக்க முடியுமா என்ற இரண்டு கேள்விகளை முதல் நாளே கேளுங்கள். இரண்டுக்கும் "ஆம்" என்று வந்தால் பழைய சட்டகம் பெரும்பாலும் தப்பிவிடும்.

லொறி எங்கே நிற்கும் என்ற கேள்வி சிறியதாகத் தெரியும். ஆனால் முடக்குத் திரும்ப முடியாத தோட்டப் பாதையில் 12 மீட்டர் கம்பியும் வராது, கலவை லொறியும் வராது. கடைசி இருநூறு மீட்டரைத் தலைச்சுமையாகக் கடக்க வேண்டியிருக்கும். ஒரே நாளில் ஊற்றி முடிக்க வேண்டிய பெரிய தட்டுகளைக் கைவிட்டு, சிறிய கட்டங்களாக, ஒரே அச்சுப் பலகையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தக்கூடிய அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டிய காரணம் அதுவே. கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் குளிர் இரவுகளில் கொங்கிறீட் மெதுவாகவே பலம்பெறும் என்பதால், முட்டுக்கட்டைகள் கொழும்பைவிட அதிக நாள் நிற்கும். அதையும் காலக்கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள்.

விட்டுக்கொடுக்கக் கூடாத மூன்று

எல்லாவற்றுக்கும் விலை சொல்லலாம் என்றேன். மூன்று விடயங்களுக்கு விலை கிடையாது. நீர் வெளியேறும் வழியை அடைக்கக்கூடாது. சுமையை நிரப்பிய மண்ணில் இறக்கக்கூடாது. பக்கத் தள்ளலைத் தாங்க எதுவுமே இல்லாத சட்டகத்தை ஏற்கக்கூடாது. இவற்றில் "முடியாது" என்று தெளிவாகச் சொல்லி, காரணத்தையும் சொல்லி, அன்றே எழுத்திலும் அனுப்புங்கள். மற்ற எதற்கும் பிடிவாதம் பிடிக்காதவர் இந்த மூன்றுக்கு மட்டும் பிடிவாதம் பிடித்தால் கட்டடக் கலைஞர் காது கொடுப்பார். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி மறுப்பவரின் மறுப்பில் எது உண்மையான ஆபத்து என்று அவரால் எப்படிப் பிரித்தறிய முடியும்?

சந்திப்பு முடிந்த அன்று மாலையே ஒரு பக்கக் குறிப்பு எழுதுங்கள். என்ன முடிவாயிற்று, எதை ஊகித்துக்கொண்டோம், எதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பவை மட்டும் அதில் இருந்தால் போதும். மண் சோதனைக் குழி எத்தனை, எந்த எந்த இடத்தில் என்பது மூன்றாவதில் கட்டாயம் வர வேண்டும். கட்டடம் எங்கே நிற்கும் என்று தெரிந்த பிறகுதானே குழியை எங்கே தோண்டுவது என்று சொல்ல முடியும். மேசையில் கீறிய ட்ரேசிங் தாளைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட விடாதீர்கள். திகதியிட்டு, இருவரும் கையொப்பமிட்டு, கைத்தொலைபேசியில் படமெடுத்துக் கட்டடக் கலைஞர், உரிமையாளர், ஒப்பந்தக்காரர் மூவருக்கும் அனுப்பிவிட்டு, மூலத்தாளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சந்திப்பில் கட்டடக் கலைஞர் புதிய தளப்படத்தை விரித்ததும், பேச்சைத் தொடங்கும் முன் அந்தப் பழைய குறுக்குவெட்டை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். நிலக்கோடு அதே இடத்தில் இருக்கிறதா, தளங்கள் அதன்மேல் அதே மட்டங்களில் உட்காருகின்றனவா என்று இருவருமாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு அறைகளைப் பற்றிப் பேசலாம்.